தெம்பு டப்பாவில் இருக்கிறதா?

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "சார், பையன் ஜிம்முக்குப் போகிறான். மாதா மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று பொடி வாங்கிக் கரைத்துக் குடிக்கிறான். கேட்டால் எனர்ஜி என்கிறான். அது நிஜமாகவே வேலை செய்யுமா, இல்லை நம்மை ஏமாற்றுகிறார்களா?" அன்று இரண்டு வரியில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகுதான், அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போகவேண்டாம், நம்மில் பலருக்கு உறவினர்கள் இருக்கும் வித்துராவிலேயே அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது என்று தோன்றியது. அந்தக் கதையையும், அதிலிருந்து நாம் கற்கக்கூடிய பாடத்தையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த அளவிலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டு விஷயம். என் தங்கையை வித்துராவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். தங்கை மகள் பெண் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு, உடல்திறன் தேர்வுக்காக ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். இருநூறு மீட்டர் ஓடுவதற்குள் நெஞ்சு அடைக்கிறது, கால் துவள்கிறது என்றாள். பயிற்சிக்கு வந்த தோழிகளின் பேச்சைக் கேட்டு ஒரு கடையில் பெரிய டப்பா ஒன்று வாங்கி வந்தாள். கடைக்காரர், "பதினைந்து நாளில் குதிரை மாதிரி ஓடுவாய்" என்றாராம். பதினைந்து நாள் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, குதிரையைக் காணோம். "மாமா, நீங்கள்தான் சயின்ஸ் வாத்தியார், இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று டப்பாவை என் கையில் கொடுத்தாள். அதில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவுச்சத்தும், கொஞ்சம் வைட்டமின், கொஞ்சம் காப்பியில் இருக்கும் கஃபீன், மீதி வாசனையும் நிறமும்.

இனி மலைக்குப் போவோம். வித்துராவுக்குக் கிழக்கே நிற்கும் மலைத்தொடரின் உச்சி அகத்தியர்கூடம். 1,868 மீட்டர். நாம் பொதிகை என்று கொண்டாடும் அதே மலைதான். அங்கே ஏறுகிறவர்கள் இன்றும் போனக்காட்டிலிருந்துதான் புறப்படுகிறார்கள். அந்த மலையின் இரு புறமும், திருவனந்தபுரம் மாவட்டத்திலும் நம் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும், வாழ்பவர்கள் காணிக்காரர்கள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும்.

1987 டிசம்பரில் பழங்குடி மக்களின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்தியத் திட்டத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் சிலர், டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் அந்தக் காட்டுக்குள் போனார்கள். வழிகாட்டிகள் காணி இளைஞர்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி உட்கார, வழிகாட்டிகள் சோர்வே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அவர்கள் ஏதோ சிறு காய்களை எடுத்து மென்றதை இவர்கள் கவனித்தார்கள். கேட்டுப் பார்த்தார்கள். இவர்களுக்கும் சில காய்கள் கிடைத்தன. தின்றதும் உடனே ஒரு தெம்பு வந்ததாகவே அவர்கள் பிற்பாடு எழுதினார்கள். என்ன செடி என்று சொல்ல மட்டும் வழிகாட்டிகளுக்கு முதலில் மனம் வரவில்லை. அது அவர்கள் குலத்துக்குள் காக்கப்பட்ட விஷயம். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகே காட்டிக்கொடுத்தார்கள்.

அதுதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியலில் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ். பெயரிலேயே இலங்கை இருக்கிறது. இலங்கையிலும் இது உண்டு. ஓடை ஓரத்து நிழலில் தரையை ஒட்டி வளரும் சிறு செடி. நம் வள்ளிக்கிழங்கு குடும்பத்தோடு இதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

வித்துராவுக்குப் பக்கத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். காணிகள் தின்றது காயை. ஆராய்ச்சியாளர்கள் இலையிலும் களைப்பைப் போக்கும் தன்மை இருப்பதாகக் கண்டார்கள். இலை என்றால் செடியை அழிக்காமல் மறுபடி மறுபடி பறிக்கலாம். ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995 நவம்பரில் அதைத் தயாரிக்கும் உரிமையைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுக்கு வழங்கினார்கள். உரிமைக் கட்டணம் 10 லட்சம் ரூபாய்; அதற்கு மேல் விற்பனையில் நூற்றுக்கு 2 ரூபாய். இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. பழங்குடியின் அறிவுக்கு விலை கொடுத்த முதல் உடன்படிக்கைகளில் ஒன்று என்று உலகமெங்கும் இதைப் பேசினார்கள். 2002இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் ஐக்கிய நாடுகளின் பரிசும் இதற்குக் கிடைத்தது.

பங்கு போட்ட கதை அவ்வளவு இனிப்பானதல்ல. பணத்தைப் பெற ஓர் அமைப்பு வேண்டும் என்று 1997இல் காணி மக்களின் நல அறக்கட்டளை பதிவானது. 1999இல் சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதற்குப் போய்ச் சேர்ந்தது. நிலையத்தார் பழகியது பெரும்பாலும் குற்றிச்சல் பஞ்சாயத்துக் காணிகளோடு. வித்துரா, பெரிங்கமலைப் பகுதிக் காணிகள் தங்களை யாரும் கேட்கவில்லை என்று வருந்தினார்கள். 1995 செப்டம்பரிலேயே அவர்களின் வைத்தியர்களான பிலாத்திகள் ஒன்பது பேர், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்காதீர்கள் என்று கேரள முதலமைச்சருக்குக் கடிதம் கொடுத்தார்கள். காட்டுக்கு வெளியே வளர்த்தால் செடிக்குப் பழைய குணம் இருப்பதில்லை என்றார்கள். காட்டுக்குள்ளிருந்து எடுப்பதற்கு வனத்துறை தடை சொன்னது. இலை போதாமல் தயாரிப்பே தடுமாறியது. நம் வீட்டு அலமாரியில் ஒரு மருந்துப் புட்டி வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் வழக்கு அதில் அடங்கியிருக்கிறது, பாருங்கள்.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருவோம். ஆரோக்கியப்பச்சை வேலை செய்கிறதா?

மலையில் நடந்ததை ஒரு சோதனையாக நினைத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்கிய இளைஞர்கள். இன்னொரு பக்கம் மேசை முன் உட்கார்ந்து படித்தவர்கள். காய் இல்லாவிட்டாலும் யார் முந்துவார் என்பதில் யாருக்குச் சந்தேகம்? அடுத்தது, விஞ்ஞானிகளுக்கு வந்த தெம்பு. பசியோடு களைத்து உட்கார்ந்தவர், "இதைத் தின்றால் களைப்பு போகும்" என்ற எண்ணத்தோடு எதைத் தின்றாலும் கொஞ்சம் தெம்பு வரும். பழனி மலைப் படியில் பாதி வழியில் குடித்த பானகத்தை நினைத்துப் பாருங்கள். ஆகவே அந்த நாள் தந்தது ஒரு தடயம்தான், நிரூபணம் அல்ல. காணிகள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதை அற்பமாக நினைக்கக் கூடாது. தடயத்தைப் பின்தொடரத்தான் ஆய்வுக்கூடம்.

ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளை நீரில் நீந்த விட்டு, எவ்வளவு நேரத்தில் களைக்கின்றன என்று பார்த்தார்கள். இலைச் சாறு கொடுத்தவை அதிக நேரம் தாக்குப்பிடித்தன. எலிகளின் உடலில் சக்தி செலவாகும் விதத்தையும் 2002இல் வெளியான ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். இவை நல்ல தொடக்கம். ஆனால் நாம் வாசிக்கக் கிடைக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் எலியோடு நின்றுவிடுகின்றன. தொட்டியில் உயிருக்குப் பயந்து நீந்தும் எலிக்கும், மைதானத்தில் சீட்டிக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கும் வெகுதூரம். மேலும் ஜீவனியில் நான்கு சரக்குகள் இருக்கின்றன. அதைக் குடித்து ஒருவர் நன்றாக ஓடினால் எது ஓட வைத்தது? இதற்குப் பதில் சொல்ல, ஒரே மாதிரியான இரண்டு குழுக்கள் வேண்டும். ஒரு குழுவுக்கு மருந்து, மற்றதற்கு அதே நிறம், அதே கசப்புள்ள வெறும் சரக்கு. எது யாருக்குப் போனது என்று குடிப்பவருக்கும் தெரியக் கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, கடிகாரம் பிடிப்பவருக்கும் தெரியக் கூடாது. இந்தக் கண்கட்டு இல்லாமல் வரும் எந்த முடிவையும், அது ஆயுர்வேதமானாலும் அமெரிக்க டப்பாவானாலும், பாதிதான் நம்பவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கவேண்டும். டப்பாவில் 'எனர்ஜி' என்று போடுகிறார்கள். நாம் அதைத் தெம்பு என்று படிக்கிறோம். சட்டப்படி பார்த்தால் அது கலோரி, அதாவது எரிபொருள். ஒரு கரண்டி சீனியிலும் எனர்ஜி இருக்கிறது. ஒரு பிடி பழஞ்சோற்றிலும் இருக்கிறது. தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. என்ற பொருள் செலவாகிறது. அதை உடல் ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கான மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளில் நானூறு, ஐந்நூறு கிராம் வரையும், கல்லீரலில் நூறு கிராம் அளவும் சேமிப்பில் இருக்கும். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் விடாமல் ஓடினால்தான் அது தீரும். இருநூறு மீட்டர் ஓட ஒரு நிமிடம்கூட ஆகாது. நேற்று இரவு வயிறாரச் சாப்பிட்ட பிள்ளைக்கு மைதானத்து ஓரத்தில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது, நிறைந்த தொட்டியில் குடம் நீரை ஊற்றுவது போலத்தான்.

ஆனால் உடல் கணக்குப் புத்தகம் மாதிரி நடப்பதில்லை. 2004இல் இங்கிலாந்தில் சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த இரண்டு சோதனைகளை என் மாணவர்களுக்குச் சொல்லி மகிழ்வதுண்டு. சுமார் ஒரு மணி நேரப் பந்தயத்தில் குளுக்கோஸை ஊசி வழியாக நேராக இரத்தத்தில் ஏற்றினார்கள். பயன் ஒன்றும் இல்லை. பிறகு மாவுச்சத்துக் கரைசலை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டும் வயிற்றுக்குள் போகவில்லை. அவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு வேகமாக முடித்தார்கள்! சாப்பாடு வருகிறது என்று நாக்கு மூளைக்குச் சொல்ல, மூளை பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிறது என்று விளக்குகிறார்கள். தெம்பு வேறு, எரிபொருள் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் உழைப்பு என்றால் நிலைமை வேறு. அகத்தியர்கூடம் ஏறுகிறவர்களும் மாரத்தான் ஓடுகிறவர்களும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்வதால் பயன் உண்டு என்பது பலமுறை உறுதியான விஷயம். அதற்கு டப்பா தேவையில்லை. 2012இல் அமெரிக்காவில் 75 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு ஒரு தடவை விளையாட்டுப் பானமும், ஒரு தடவை வாழைப்பழமும் கொடுத்துப் பார்த்தார்கள். நேரத்தில் வித்தியாசம் இல்லை. நெடுமங்காடு சந்தையில் தொங்கும் நேந்திரங்குலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

வாயால் உட்கொள்ளும் மற்றச் சரக்குகளில் உண்மையிலேயே பலன் நிரூபணமானவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2018இல் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொல்கிறது. முதலாவது கஃபீன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவில், ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்துக்கொண்டால் களைப்பு தள்ளிப்போகிறது. அறுபது கிலோ ஆளுக்கு அது கெட்டியான பில்டர் காப்பி இரண்டு டம்ளர் அளவு. 250 மில்லி எனர்ஜி பானக் குப்பி ஒன்றில் இருப்பது 80 மில்லிகிராம் மட்டுமே, கூடவே ஐந்தாறு தேக்கரண்டி சீனி. இது குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல என்று அந்தக் குப்பியிலேயே அச்சிட்டிருக்கிறது. எழுத்துதான் எறும்பு அளவு. அடுத்தது கிரியேட்டின். தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் பளு தூக்குபவருக்கும், சிறு சிறு வேக ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடுபவருக்கும் உதவும். உடம்பில் நீர் சேர்ந்து ஒன்றிரண்டு கிலோ எடை கூடும் என்பதால் நெடுந்தூரம் ஓடுபவருக்கு அது சுமையாகவும் ஆகலாம். பீட்ரூட் சாற்றில் உள்ள நைட்ரேட், சமையல் சோடா, பீட்டா அலனின் ஆகியவற்றுக்கும் குறிப்பிட்ட போட்டிகளில் சிறு பலன் உண்டு. சோடாவைக் குடித்துவிட்டு வயிறு கலங்கிப் பந்தயத்தையே விட்டவர்களும் உண்டு. அமுக்கிராவைப் பற்றிச் சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நாட்டு மருந்துதானே, கெடுதல் செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது.

பையனின் பொடியைப் பற்றி அந்தச் சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது இன்னொன்றும் உண்டு. டப்பாவில் எழுதியிருப்பது மட்டும்தான் உள்ளே இருக்கிறதா? ஒலிம்பிக் குழுவின் உதவியோடு ஜெர்மனியில் கொலோன் நகர ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. 94இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் சரக்குகள் இருந்தன. ஏழில் ஒன்று! நம் நாட்டிலும் இதன் சூடு பட்டிருக்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய பெண்களில் மூவர் 2011இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரையில்தான் கலப்படம் இருந்தது, எங்களுக்குத் தெரியாது என்று வாதாடினார்கள். ஓராண்டுத் தடை மேல்முறையீட்டில் இரண்டாண்டாகியது. உடலுக்குள் போவதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. ஆரோக்கியப்பச்சையைக் 'கேரளத்தின் ஜின்செங்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பட்டப்பெயர் பிடிக்காமல் போயிற்று.

அப்படியானால் ஒரு மாத்திரையும் பயனில்லையா? உண்டு. அதைக் கண்டதும் தேயிலைத் தோட்டத்தில்தான். இலங்கையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில், இரத்தசோகை உள்ள தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் நம் மலையகத் தமிழ்ப் பெண்கள் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சிலருக்கு இரும்புச்சத்து, சிலருக்கு வெறும் மாத்திரை. நான் மேலே சொன்ன அதே முறைதான். ஒரு மாதம் கழித்துக் கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். இரும்பு பெற்று ஹீமோகுளோபின் ஏறியவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் பறித்தார்கள். 6 முதல் 9 கிராம் வரை மட்டும் இருந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த முடிவு இது. காரணம் எளிது. எரிபொருள் எவ்வளவு இருந்தாலும் அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். அடுப்பில் விறகை அடுக்கிவிட்டுக் காற்றை அடைத்துவைத்தால் எப்படி எரியும்?

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இதைப் படித்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. தங்கை மகளை அழைத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். பெண்களுக்கு 12 இருக்கவேண்டிய இடத்தில் 9.4. நெஞ்சு அடைத்ததும் கால் துவண்டதும் எதனால் என்று அன்று புரிந்தது. அரசு மருத்துவமனை டாக்டர் அம்மா இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். காசு இல்லை, இலவசம். மாத்திரை விழுங்கியவுடன் தேநீர் குடிக்காதே, அது இரும்பை உடம்பில் சேரவிடாது என்றார். தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது! நெல்லிக்காய், முருங்கைக்கீரை, வாரம் இரண்டு நாள் மீன் என்று தங்கையும் கவனித்துக்கொண்டாள். இன்னொன்றையும் டாக்டர் அம்மா அழுத்திச் சொன்னார். இரத்தத்தைச் சோதிக்காமல் இரும்பு மாத்திரையைத் தானாக விழுங்கக் கூடாது. குறை இல்லாதவருக்கு அதனால் ஓட்டமும் கூடாது, அதிகமானால் கெடுதலும் உண்டு.

மூன்று மாதம் கழித்து 11.8. தேர்வில் ஓட்டங்களில் தேறிவிட்டாள். குண்டு எறிதலிலும் உயரம் தாண்டுவதிலும் கோட்டைவிட்டாள். அடுத்த முறை பார்க்கலாம் மாமா என்கிறாள். காலையில் வீட்டுக்குப் பின்னால் கல்லாற்று உருளைக்கல் ஒன்றை வைத்து எறிந்து பழகுகிறாளாம். டப்பாவில் பாதி மீதியிருந்ததை என் தங்கை கொட்டிவிட்டு, கழுவிக் காயவைத்து, அதில் புளி போட்டு வைத்திருக்கிறாள்.